பின் சீட்டுச் சாட்சி

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

பைக் கம்பெனி என் மாப்பிள்ளை பெயருக்கு அனுப்பியிருந்த கடிதம் அது. அவர் வேலைக்குப் போயிருந்தார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவரும் என் மகளும் குடியிருப்பது என் வீட்டு மாடியில். தபால்காரர் கொடுப்பது என் கையில். கைக்கு வந்த கவரைப் பிரிக்காமல் வைக்கும் பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

விஷயம் இதுதான். ஒரு ஆறு மாத காலத்தில் செய்த வண்டிகளின் எஞ்சினில் ஏதோ ஒரு பேரிங் சரியில்லையாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றுவிடலாம், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாயலாம், சூடு ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி புறப்படவும் செய்யலாம், ஆகையால் ஓட்டாதீர்கள், நாங்களே வேன் அனுப்பி எடுத்துப்போய் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தது. கடைசியில், உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்று ஒரு வரி. அடடா, என்ன கரிசனம்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரிசனம் எங்கே போயிருந்தது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியிலிருந்துதான் நானும் மாப்பிள்ளையும் விழுந்தோம். பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டப்பகல், காலி ரோடு. எனக்கு முழங்கால் சில்லு உடைந்தது. அவருக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. "எஞ்சின் தானா நின்னுடுச்சு மாமா, பின் வீல் பூட்டிக்கிச்சு" என்று ரோட்டிலேயே சொன்னார், ஆஸ்பத்திரியிலும் சொன்னார். நான் விட்டேனா? முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. டிப்போவில் எனக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர், ரோட்டில் அடித்ததைவிட வாயால் அடித்தது அதிகம் என்பதற்காக. அந்த வாயைத் திறந்தேன்.

"தூங்கி வழிஞ்சுக்கிட்டு ஓட்டிட்டு, எஞ்சின் மேல பழி போடறீங்களா மாப்பிள்ளை? கண் அசந்தீங்க, திடுக்குன்னு முழிச்சீங்க, பதறிப்போய் பிரேக்க மிதிச்சீங்க. பின்னாடி உக்காந்திருந்த எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே ஒரு மெக்கானிக் வந்து ஒரு உதை உதைத்தார். வண்டி நல்ல பிள்ளையாகப் புறப்பட்டுவிட்டது. எஞ்சினில் கோளாறு என்றால் எப்படிப் புறப்படும்? அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆனால் நான் முடிக்கவில்லை. காலில் கட்டோடு கிடந்த மூன்று மாதமும், பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னேன். மாப்பிள்ளை முதலில் மறுத்துப் பார்த்தார். அப்புறம் வாயே திறக்கவில்லை. அப்புறம் வண்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். போன மாதம் அவருடைய அலுவலகக் காரை எடுத்துக்கொண்டு எல்லோரும் வெளியூர் போகலாம் என்று பேச்சு வந்தபோது, "அவரு ஓட்ட வேணாம், கண் அசந்துடும்" என்று என் மகள்தான் தடுத்தாள். பேத்தி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மகள் கீழே வந்ததும் கடிதத்தை நீட்டினேன். படித்து முடித்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, அவரு அன்னைக்குச் சொன்னது இதேதானே?"

"ஏதோ போட்டிருக்கான். எல்லா வண்டிக்கும் அப்படி ஆகும்னு அர்த்தம் இல்ல."

"அவரு தூங்கினத நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்னுதானே சொன்னேன்!"

"சொன்னீங்கப்பா. பாத்தீங்களா?"

"எத்தனை தடவ ஒரே பாட்ட பாடறது? போய் வேலையப் பாரு!" என்று கத்தி மாடிக்கு அனுப்பினேன். பதில் தெரிந்தவன் கத்துவானா, சொல்லுங்கள்?

நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாளை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன். டாக்டர், மாத்திரை, பெட்ரோல் பங்கு, அதைத் தாண்டி ஒரு பாலம். பிறகு மாப்பிள்ளை தலை தொங்குகிறது, இமை மூடுகிறது, வாய் லேசாகத் திறக்கிறது, சட்டென்று கண் முழித்து பிரேக்கை மிதிக்கிறார். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நேற்று நடந்தது மாதிரி தெரிகிறது.

அட, அவர் இமை எனக்கு எப்படித் தெரியும்? நான் அவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா உட்கார்ந்திருந்தேன்?

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் முகத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாலத்துக்கும் ரோட்டில் கிடந்ததற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தலையில் அடிபட்டதால் மறந்திருக்குமோ? தலையில் அடியே படவில்லை, ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் தூங்கியது யார்? நானா? நான் தூங்குவேனா? பல் டாக்டர் கொடுத்த அந்த மாத்திரை... எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிச் சொல்லியே ஒரு படத்தைச் செய்து வைத்துக்கொண்டு, அதையே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேனா?

மறுநாள் வேன் வந்து வண்டியை ஏற்றிப்போனது. நாங்கள் மூவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். உள்ளே எங்கள் வண்டியைப் போலவே நாற்பது ஐம்பது வண்டிகள், ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் சிவப்பு அட்டை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின்களைப் பிரித்துத் தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்தார்கள். கையில் கடிதத்தோடு ஒரே கூட்டம். மாப்பிள்ளை மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் கடிதத்தைப் படித்தபோதும் அப்படித்தான், படித்தார், மடித்துப் பையில் வைத்தார். 'இப்ப என்ன சொல்றீங்க மாமா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு என் மேல் கோபமா, இல்லையா? அதுவும் பிடிபடவில்லை.

எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்.

"ஓடும்போது எப்பவாவது எஞ்சின் நின்னிருக்கா சார்?"

"ஒரு தடவ. ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் மாப்பிள்ளை.

"விழுந்தீங்களா?"

"விழுந்தோம்."

அவள் எழுதிக்கொண்டிருந்த தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். "விபத்துன்னா தனி ஃபாரம் சார். கம்பெனி இன்ஜினியர் வந்து விசாரிப்பாங்க. எஞ்சினாலயா, ஓட்டினவராலயான்னு முடிவு பண்ணுவாங்க. கூட யாராவது இருந்தாங்களா? அவங்க சாட்சியும் வேணும்."

மகள் என்னையே பார்த்தாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. தூங்கினேன் என்று சொன்னால் என் முப்பத்தோரு வருஷமும் போச்சு. போகட்டும், மாப்பிள்ளைக்காவது அதனால் ஏதாவது பயன் உண்டா? தூங்கினவன் சாட்சி எதற்கு உதவும்? அதைவிட, எஞ்சின் இறுகியதை என் காதால் கேட்டேன் என்று சொன்னால் அவர் பெயரும் நிமிரும், என் பெயரும் நிற்கும். ஒரு பொய்யால் கெடுத்ததை இன்னொரு பொய்யால் சரிக்கட்டினால் என்ன? எது சரி என்று சத்தியமாகத் தெரியவில்லை. தெரியாதபோது என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"எழுதிக்கம்மா. நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன். அன்னைக்கு எஞ்சின்ல கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சு. தெளிவா கேட்டேன். மாப்பிள்ளை நல்லா முழிச்சுக்கிட்டுதான்..."

"வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

அவர் குரல் உயரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "மாமா அப்போ தூங்கிட்டு இருந்தாங்கம்மா. அவங்க ஹெல்மெட் ரெண்டு தடவ என் முதுகுல இடிச்சுது. சட்டுனு எழுப்பினா பதறி விழுந்துடுவாங்களோன்னு ஓரமா மெதுவா ஓட்டிட்டு வந்தேன். ஒரு நிழல் பாத்து நிறுத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பின் வீல் பூட்டிக்கிச்சு."

மகள் அவர் பக்கம் திரும்பினாள். "இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்கப்பா காலொடஞ்சு படுத்திருந்தாரு. பஸ் ஓட்டினத தவிர அவருக்குப் பேச வேற எதுவும் இல்ல. அதையும் நான் பிடுங்கணுமா?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "அதுவுமில்லாம, நீ கேக்கவே இல்லையே" என்றார்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக, நான் ஒவ்வொருவருக்கும் கதை அளந்துகொண்டிருந்தபோதெல்லாம் இந்த மனுஷன் உண்மையைத் தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்றிருக்கிறார்.

"சார்," என்று அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள், "அப்ப உங்க பேருக்கு நேரா என்ன எழுதட்டும்?"

"தூங்கிட்டிருந்தேன்னு எழுதும்மா. எதையும் பாக்கல. எதையும் கேக்கல."

அவள் தயங்கினாள். "அப்படின்னா உங்களை சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க சார்."

"எங்க வீட்டுல ரெண்டு வருஷமா எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றேன்.