கம்ப்ரசருக்கு ஒரு வாரம் ஓய்வு

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் நடத்தும் கண்ணுசாமிக்குச் சிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அதிலும் அரசாங்க அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரித்தால் கேட்கவே வேண்டாம். அபிராமி அப்படித்தான் வந்தாள். கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு மீட்டர் பெட்டியைப் பொருத்திவிட்டு, ஒரு வாரம் இருக்கட்டும் என்றாள்.

"அளந்து என்னம்மா செய்யப் போறீங்க?"

"நீங்க உறைய வைக்கிற ஒவ்வொரு ஐஸ் பாருக்கும் எங்கேயோ நிலக்கரி எரியுது சார். இந்த வட்டாரத்துல எல்லாப் பிளான்ட்டுலயும் இதே மாதிரி அளக்குறோம். எது கரண்ட்டை அதிகமா இழுக்குதோ, அதுக்குப் பாதி விலையில புது கம்ப்ரசர். புகையும் குறையும், ஒங்க பில்லும் குறையும்."

கண்ணுசாமி தலையாட்டினார். ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. புது கம்ப்ரசர் அவருக்கு அவசியம் வேண்டும். இருக்கிற கிழட்டு மெஷின் கரண்ட்டைக் குடித்தே அவரை ஓட்டாண்டி ஆக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் இப்படிப் போனால் பிளான்ட்டை மூட வேண்டியதுதான். ஆனால் அதிகமாகச் செலவழிக்கிறவனைத் தேடிப் பிடித்துப் பரிசு கொடுக்கிற அரசாங்கம் எந்த ஊரில் இருக்கிறது? அபராதம் போடத்தான் ஆள் தேடுகிறார்கள். யார் காதில் பூச் சுற்றுகிறாள் இந்தப் பெண்!

அவள் போனதும் ஆபரேட்டர் நாகராசுவைக் கூப்பிட்டார். "இந்த வாரம் மெஷினைப் பாதி நேரந்தான் ஓட்டணும்."

"மீன்பிடி போட்டுக்காரங்களுக்கு ஐஸ் கொடுக்கணுமே மொதலாளி?"

"கோட்டைப்பட்டினத்துல ஆத்மநாதன் பிளான்ட்டுல வாங்கிக்குவோம். யாருகிட்டயும் மூச்சு விடாதே."

ஆத்மநாதன் கேட்ட அளவு ஐஸ் கொடுத்தார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கண்ணுசாமிக்கு அதிலும் சந்தேகம். நாகராசு போனில் பேசினால் சந்தேகம். மீட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியதும், தன்னைப் படம் பிடிக்கிறதோ என்று துண்டைப் போட்டு மூடினார்.

வாரம் முடிந்து அபிராமி வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அசத்திட்டீங்க சார்! பழைய மெஷினை வச்சுக்கிட்டு இவ்வளவு சிக்கனமா?"

"அப்ப அபராதம் இல்லையே?"

"எதுக்கு சார் அபராதம்? கோட்டைப்பட்டினத்துல ஆத்மநாதன் சார் பிளான்ட்டுதான் ரொம்ப இழுக்குது. கம்ப்ரசர் அவருக்கு சாங்ஷன் ஆயிருச்சு."

கண்ணுசாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண் சொன்னதெல்லாம் நிஜமா?

"ஏம்மா, அவர் இழுத்ததுல பாதி எனக்காக ஓட்டுனதும்மா! நான் மெஷினை நிறுத்திப்புட்டு அவருகிட்டத்தான் ஐஸ் வாங்குனேன். இந்தா நிக்கிறான் நாகராசு, கேளுங்க. இன்னும் ஒரு வாரம் அளந்து பாருங்கம்மா, நான் சொல்றது பொய்யின்னா என்னைய என்னன்னு கேளுங்க!"

அபிராமியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவரையும் நாகராசுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கம்ப்ரசர் கெடைக்கும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனி அளந்தா வேணும்னே அதிகமா ஓட்டிக் காட்டுவீங்க சார்" என்று சொல்லிவிட்டு, மீட்டர் பெட்டியைக் கழற்றத் தொடங்கினாள்.