இரண்டாவது தட்டு கேட்கக் கூடாது

என் மனைவி நிர்மலாதேவியின் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய். நான் வைத்த விலை இல்லை. சீசனில் ஒரு ஞாயிறு மண்டியைப் பூட்டினால் கைநழுவிப் போகிற லாபம் அது. பாப்பாரப்பட்டியில் எங்களுக்குப் புளி மண்டி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் எங்காவது போகலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம், அந்தந்த வருஷத்து லாபத்தோடு அன்றைய பெட்ரோல் விலையைக் கூட்டி, தொகையைச் சொல்லிவிடுவேன். அவளும் போய்விடுவாள், சமையலறைக்கு.

இந்தப் பங்குனியில் அந்தக் கூட்டல் எடுபடவில்லை. மண்டிக்கே வந்து, கல்லாப் பெட்டிமேல் ஃபோனை வைத்தாள். ஏரியூர் தாண்டி, நாகமரைப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து நிற்கிற கரையில் ஒரு மீன் கடை. ஒரு கொட்டகை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலிக் காலை நனைக்கிற தண்ணீர். கீழே யாரோ எழுதியிருந்தார்: "போகிற வழி படு மோசம். திரும்பி வந்த வழி ஞாபகமே இல்லை."

"போக வர எண்பது கிலோமீட்டர்," என்றேன். "மீனு பென்னாகரத்துலயே விக்குது."

"மீனுக்கா போறோம்?"

"பின்ன?"

"தண்ணியப் பாத்துக்கிட்டே திங்கறதுக்கு."

"தண்ணியப் பாக்கறது கிலோ என்ன விலை?"

கிண்டலுக்குத்தான் கேட்டேன். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் விலை கேட்டுவிட்டால் வியாபாரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நிர்மலா வாசலைப் பார்த்து, "மாயவண்ணே, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

மாயவன் தரகர். காலையில் புளி, மாட்டுச் சந்தை நாளில் மாடு, நல்ல நாளில் சம்பந்தம். இரண்டு பேருக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்வார். தோளில் கிடக்கும் துண்டுதான் அவருடைய ஆபீஸ். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடிக்க வேண்டும். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும்.

நிர்மலா விஷயத்தைச் சொன்னாள். வருஷத்துக்கு எத்தனை ஞாயிறு மண்டியைப் பூட்டுவது, அதுதான் சரக்கு.

மாயவன் என் கைமேல் துண்டைப் போட்டார். நான் இரண்டு விரலைப் பிடித்தேன். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. அவர் துண்டோடு நிர்மலா பக்கம் திரும்பினார். இவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். துண்டு ஆறு தடவை அசைந்தது. மாயவன் கண் விரிந்தது.

"சென்னப்பன் மகளாச்சே" என்றார் தனக்குள்.

மாமனார் சென்னப்பன் மாட்டுத் தரகு பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். மகளுக்கும் விரல் பேச்சைக் கற்றுக்கொடுத்திருந்தார் என்பது பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. அவள் முப்பதில் தொடங்கினாள். நான் நாலு என்றேன், அவள் இருபது. நான் ஏழுக்கு வந்தபோது எனக்கு வியர்த்திருந்தது. கடைசியில் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று நின்றது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். அந்தக் கடை அவ்வளவு தூரத்துக்குத் தகுதி என்று ஆனால்தான் பன்னிரண்டு. இல்லையென்றால் ஒன்றுமில்லை.

"இல்லன்னு ஆயிட்டா இனிமே கேக்கவே மாட்டேன்," என்றாள் நிர்மலா. "ஞாயித்துக்கெழமையெல்லாம் நானே வந்து எடை போடறேன். சம்பளம் வேணாம்."

எடை போடுவதில் அவள் கை என் ஆட்கள் இரண்டு பேருக்குச் சமம். எனக்கு எச்சில் ஊறியது.

"தகுதியா இல்லையான்னு யாரு சொல்றது?" என்றேன்.

"யாரும் சொல்ல வேணாங்க மொதலாளி," என்றார் மாயவன். "மொதல் தட்டு ரெண்டு பேரும் சாப்புடுங்க. மறுபடியும் மீனு வேணும்னு உங்க வாயால கேட்டீங்கன்னா கடை தகுதி. கேக்காம எந்திரிச்சிட்டீங்கன்னா தகுதியில்ல. எனக்குத் தரகு, உங்க பக்கம் ஒண்ணு, அவங்க பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பொரிச்ச மீனு."

ஒப்புக்கொண்டேன். என் நாக்கு நான் சொன்னபடி கேட்கும். எதிர் மண்டிக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் மைசூர்பாகு இலையில் கிடக்க, தொடாமல் எழுந்து வந்தவன் நான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, மாயவனையும் ஏற்றிக்கொண்டு, மண்டி வேனை எடுத்தோம். ஏரியூர் தாண்டியதும் வழி அந்த ஆள் எழுதியபடிதான் இருந்தது. கடைசியில் ஃபோன், நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது என்றது. இறங்கினோம். பயறு விதைத்த ஒரு காடு. நடுவில் ஓர் ஆடு. கண்ணுக்கு எட்டியவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

எனக்கு ஆட வேண்டும் போலிருந்தது.

"தண்ணியப் பாத்துக்கிட்டே திங்கணும்னியே. எந்தப் பக்கம் பாக்கலாம்?" என்றேன். "இந்த ஆடு ஒண்ணுக்குப் போனாத்தான் உண்டு."

மாயவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, தூரத்துப் புகையைக் காட்டினார். நடந்தோம். போகப் போக விஷயம் புரிந்தது. அணையில் தண்ணீர் இறங்க இறங்க, கடையும் பின்னாலேயே இறங்கிப் போயிருக்கிறது. வழி நெடுக அடுப்புக்கல்லும் சாம்பலும். ஒன்று தை மாதத்து அடுப்பு, இன்னொன்று மாசி மாதத்து அடுப்பு. அணைக்கும் அந்தக் கடைக்கும் ஓட்டப் பந்தயம் நடந்திருக்கிறது, கடை தோற்கவில்லை.

ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடந்த பிறகு, தார்ப்பாயும் நாலு மூங்கிலும், அப்புறம் திடீரென்று எதிர்க்கரை வரைக்கும் தண்ணீர். காற்று அடித்தது. நிர்மலா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்க் கணுக்கால் அளவுக்கு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுப்பில் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் வெண்மதி. புருஷன் ஆரோக்கியராஜ் பரிசலில் வலை எடுக்கப் போயிருந்தான்.

"மேப்பு பாத்து வந்தீங்களாண்ணா?" என்றாள். "அது ஐப்பசில இருந்த எடம்."

"மாத்தக் கூடாதா?"

"தண்ணி ஒரு எடத்துல நிக்கட்டும், மாத்தறேன்."

"ஜிலேபி மீனு, கிலோ?"

"பொரிச்சு முன்னூத்தம்பதுங்கண்ணா."

"இருநூறு," என்றேன். இதற்கு அவள் கையை உதற வேண்டும், நான் திரும்பி நாலடி நடக்க வேண்டும், அவள் கூப்பிட வேண்டும். முறை அதுதான்.

"சரிங்க," என்றாள்.

கேட்ட முதல் விலைக்கு ஒரு சரக்கு வந்தால் அந்தச் சரக்கில் பூச்சி இருக்கும். மாயவன் முகம் வெளிறிவிட்டது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. கண்ணைப் பார்த்தேன், மீன் என்னைப் பார்த்தது. மோந்தேன்.

"எதுக்கு சரின்ன?"

"நீங்கதாண்ணா கேட்டீங்க."

"முந்நூறுன்னாவது சொல்லியிருக்கலாமே."

"சரி, நூத்தித் தொண்ணூறு குடுங்க."

"எறங்கிப் போறியேம்மா. இருநூத்தி முப்பது வாங்கிக்க."

"வேணாண்ணா, இருநூறே போதும்."

"இருநூத்தி இருவதுக்குக் கீழ நான் திங்க மாட்டேன்," என்றேன். மாயவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருஷத் தொழிலில் வாங்குகிறவன் விலையை ஏற்றிப் பார்த்ததில்லையாம். இருநூற்று இருபதில் ஒருவழியாக முடிந்தது. அப்போதுதான் அவள் காரணத்தைச் சொன்னாள்.

"ஐஸு வெக்கறதில்லண்ணா. மீந்தா நாங்கதான் திங்கணும். மூணு நாளா மூணு வேளையும் மீனு. இன்னிக்கிக் காத்தால அவரு அழுவாத கொறையா உப்புமா கேட்டாரு."

தட்டு வந்தது. மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி, கடலை எண்ணெயில் முறுகவிட்ட மீன். பக்கத்தில் ஓர் உருண்டை களி, மேலே குழம்பு. ஒரு வாய் வைத்தேன். என்ன சொல்ல? புளிக்காரன் நாக்கு, குழம்பில் போட்டிருந்த பழம்புளியைப் பார்த்துக் கும்பிட்டது. மீனின் தோல் பல்லில் படும்போது ஒரு சத்தம் வந்தது, அந்தச் சத்தத்துக்கே முந்நூற்றைம்பது கொடுக்கலாம். காலடியில் தண்ணீர் வந்து வந்து போனது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் முகத்தோடு தின்றேன்.

"எப்பிடிங்க இருக்குது?" என்றாள் நிர்மலா.

"இருக்குது."

முள்ளைக்கூடச் சப்பி முடித்தேன். விரலில் ஒட்டியிருந்த மசாலாவை நக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும். எழுந்து கை கழுவிவிட்டால் முடிந்தது, வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை எடைக்கு ஆள் இலவசம்.

எழுந்தும்விட்டேன். அப்போது நிர்மலா, என்னைப் பார்க்காமல், வெண்மதியிடம் கேட்டாள். "மீதி எவ்ளோம்மா இருக்குது?"

"ஆறு கிலோக்கா."

"ஐயோ பாவம், நாளைக்கும் மீனுதானா? மொத்தமா யாராச்சும் எடுத்தா என்ன வெலைக்குக் குடுப்ப?"

"நூத்தி அறுவதுக்குக் குடுத்துருவேங்க்கா. பொரிச்சே தரேன்."

மொத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் நாக்கு என்னைவிட்டுப் போய்விட்டது. அது எங்கப்பன் காலத்திலிருந்து பழகிய நாக்கு.

"நூத்தி இருவது," என்றேன். "அத்தனையும் போடு."

"சரிங்கண்ணா."

நிர்மலா தட்டைக் கீழே வைத்தாள். மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாயவண்ணே, இது வியாபாரம்," என்றேன். "வாய்க்கு ருசியா இருக்குதுன்னு கேக்கல. மொத்த வெலை கொறஞ்சுதுன்னு கேட்டேன்."

"எதுக்குக் கேட்டீங்கன்னு பேச்சே இல்லீங்க மொதலாளி. மீனு கேட்டீங்களா, இல்லயா?"

"கேட்டேன்."

"உங்க வாயாலயா?"

"என் வாயாலதான்."

"முடிஞ்சிது," என்று நிர்மலாவைப் பார்த்துக் கும்பிட்டார். சென்னப்பன் உயிரோடு இருந்திருந்தால் இந்த வியாபாரத்தை ஒரு மாதம் சந்தையில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

தோற்றபின் ஒரு சௌகரியம் உண்டு, வாயைக் கட்ட வேண்டியதில்லை. நான் விரலை நக்கினேன். மூன்று பேரும் சேர்ந்து இரண்டரைக் கிலோ தின்றோம், மீதியை வெண்மதி பொட்டலம் கட்டினாள். ஆரோக்கியராஜ் வலையோடு வந்து, இன்னும் ஐந்து கிலோ மீனை இறக்கிவிட்டு, காலியான தட்டுகளைப் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பரிசலில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றினான். நடுத்தண்ணீரில் நிர்மலா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், சந்திரமோகன் என்று முழுசாக. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. சும்மா கூப்பிட்டேன் என்றாள். நான் விலை எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது வேனில் பழைய ரசீதின் பின்பக்கத்தில் அவள்தான் கணக்கு எழுதினாள்.

"பன்னண்டுல இன்னிக்கி ஒண்ணு கழிஞ்சிது," என்றேன். "பாக்கி பதினொண்ணுன்னு போடு."

"மூட்டையக் குத்தி ஒரு கை புளி எடுத்து வாயில போட்டுப் பாக்கறீங்களே, அது எடையில சேருமா?"

"அது எப்பிடிச் சேரும்? அது மாதிரிச் சரக்கு."

"இதுவும் மாதிரிதாங்க."

மாயவனைத் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் தரகு மீனை வாயில் வைத்துக்கொண்டு, சேராது என்று தலையாட்டினார்.

பெட்ரோல் எழுநூறு. மீன், முதல் தட்டு, இருநூற்று இருபது. மீன், மொத்தம், எழுநூற்று இருபது. பரிசல் இருநூறு. ஆக ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, பைசல். ஞாயிறு, பேசியபடி, பன்னிரண்டு. கொடுத்தது இல்லை. பாக்கி பன்னிரண்டு.