செம்புக்காசும் தினைக்கஞ்சியும்

ஜப்பானின் நாராவில் எழும்பிய புதுத் தலைநகருக்கு மண் சுமந்துவிட்டு நெமாரோவும் அவன் பெண்டாட்டியின் தம்பி உஷிகாயும் சொந்த ஊர்ப்பக்கமான மினோவுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கூலியை அரிசியாகக் கொடுத்திருந்தால் வழியில் பொங்கித் தின்றிருக்கலாம். புதுசாக அடித்த செம்புக்காசைச் சணல் கயிற்றில் சரமாகக் கோத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தலைநகரைத் தாண்டினால் அதை நாய்கூட மோந்து பார்க்காது என்று எந்த அதிகாரியாவது வாய் திறந்தானா? இல்லை.

கொண்டுவந்த காய்ந்த சோறு தீர்ந்தது. நெமாரோவின் மேல்துணியும் இரண்டு பிடி தினைக்குப் போயிற்று. மலையடிவாரத்தில் ஒரு வீட்டு வேலியோரம் உஷிகாய் சரிந்து உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. இன்றைக்கு வயிற்றில் ஏதாவது விழாவிட்டால் பையன் தேறமாட்டான் என்று நெமாரோவுக்குத் தெரிந்துவிட்டது. அக்காக்காரிக்கு என்ன பதில் சொல்வது?

"காசக் குடுத்து வாங்கு மச்சான்."

"எத்தன வீட்டுல கேட்டாச்சு மாப்ள."

"அதுங்களுக்கு விவரம் பத்தல. விவரம் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கும்."

உள்ளே ஒருத்தி கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். நெமாரோ சரத்தை நீட்டினான்.

"மகாராணி அடிச்ச காசும்மா."

"அப்ப மகாராணியையே கஞ்சி ஊத்தச் சொல்லு. இத உலையில போட்டா வேகுமா?"

சொல்லிக்கொண்டே, வேலியோரம் நினைவு மங்கிக் கிடந்த உஷிகாயை எட்டிப் பார்த்தவளின் முகம் மாறியது.

"அவன் சாகப் போறானா? இங்க சாகக் கூடாது. போன வருசம் ஒரு கூலிக்காரன் இதே வேலியோரம் செத்தான். தீட்டுக் கழிக்கிறவரைக்கும் ஊருல ஒருத்தரும் எங்க அடுப்புல நெருப்பு எடுக்கல. கூட வந்தவன் மண்வெட்டியப் புடுங்கி வித்துத்தான் சடங்கு செஞ்சோம்."

நெமாரோ களைத்துப் போயிருந்தான். யோசித்துப் பேசவில்லை, வார்த்தை தானாக வந்தது.

"நடக்க முடியாதும்மா அவனால. இங்கதான் சாவான். எங்கிட்டப் புடுங்க மண்வெட்டிகூட இல்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறவனைப் பிணமாக்கி விலை பேசிவிட்டோமே.

அவள் திட்டிக்கொண்டே ஓர் உடைந்த கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போய்க் குடு. அங்க எங்க நிலம் இல்ல. திரும்பி வந்தா தடியாலதான் பேசுவேன்."

நெமாரோ கிண்ணத்தை முதலில் கொண்டுபோய் அக்கரையில் வைத்துவிட்டு வந்து, உஷிகாயை முதுகில் சுமந்துபோய்ப் படுக்கவைத்தான். வாய் வாயாகக் கஞ்சி இறங்க இறங்க உஷிகாய்க்கு முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினான்.

"எவ்வளவு கேட்டா?"

உன்னைப் பிணம் என்று சொல்லித்தான் வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது?

"ரெண்டு காசு," என்றான் நெமாரோ.

உஷிகாய் சிரித்தான். தலைநகரை விட்டுக் கிளம்பிய பிறகு அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறான்.

"நான் சொன்னேன்ல? நீதான் நம்பல. நாம சுமந்த மண்ணு வீண் போகல மச்சான்."

"ஆமா மாப்ள."

"இன்னும் பசிக்குது. ரெண்டுக்கு நாலாக் குடுத்து இன்னொரு கிண்ணம் வாங்கிட்டு வா."

நெமாரோ சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டு ஓடையில் இறங்கினான்.