ஓட்ஸ் பாலுக்கு நேரே

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளின் முன் அவன் மனைவி பேனாவோடு நின்றாள். சோயா, தேங்காய்ப்பால், அரிசிப்பால், பாதாம் என்று அவளே எழுதி, ஒவ்வொன்றாய் அவளே அடித்த தாள். அடிபடாமல் மிஞ்சியது ஓட்ஸ் மட்டும்.

"இதுவும் ஒத்துக்கலைங்க," என்றாள்.

கூடத்தில் சிட்டு அழுதுகொண்டிருந்தாள். மூன்று வயது மகள். கன்னத்திலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்புகள். பால் ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. பாலுக்குப் பதில் எதைக் கொடுத்தாலும் தடிப்பு வருவது நிற்கவில்லை. அரிசிப்பாலை முதல்முறை குடித்துப் பார்த்து, "பால் வேஷம் போட்ட தண்ணி" என்று சிரித்தவள்தான் மனைவி. அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

அவன் கவனித்ததெல்லாம் வேறு. "கரண்டியை ஒழுங்கா கழுவினியா?" "டப்பால எழுதியிருக்கறதைப் படிச்சியா?" ஒருநாள் அக்கம்பக்கம் கேட்க, "ஒரு புள்ளைக்கு என்ன குடுக்கணும்னுகூடத் தெரியலையே உனக்கு!" என்றும் கத்தினான். மறுநாளிலிருந்து அவள் எல்லாப் பாத்திரங்களையும் கொதிநீரில் போட்டு எடுத்தாள். விரல் நுனிகள் வெடித்தன. படுக்குமுன் கடவுள் படத்தின் முன் அவள் முணுமுணுப்பது ஒரே வரிதான்: "என் கையில எந்தத் தப்பும் வராம பாத்துக்கோ."

பேனா தாளைத் தொடப்போனது.

கடந்த ஐந்து நாள் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது. அவன் வீட்டிலேயே இருந்தான். அந்த ஐந்து நாளும் இதே ஓட்ஸ் பால்தான். ஒரு தடிப்புகூட இல்லை. இன்றுதான் வேலைக்குப் போனான். அவன் திரும்பி வந்ததும் சிட்டு வழக்கம்போல் ஓடிவந்து தோளில் முகம் புதைத்தாள். அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் இந்தத் தடிப்பு.

அவன் சட்டைப்பையை வெளியே இழுத்தான். தையல் மடிப்பில் மெல்லிய வெள்ளைப் பொடி. பிஸ்கட் மாவில் பால் பவுடர் கொட்டிக் கலப்பது அவன் வேலை.

அப்போது சிட்டு கைகளைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"கிட்ட வராதே!" என்று அலறி, பின்னால் நகர்ந்தான். குழந்தை அப்படியே நின்றுவிட்டது.

"ஓட்ஸை அடிக்காதே," என்றான் மனைவியிடம். "எதையுமே அடிச்சிருக்க வேண்டாம். நான்தான். தினமும் நான்தான் கொண்டு வந்திருக்கேன். உன்னைப் போய்..."

அவள் பையின் மடிப்பைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "முதல்ல குளிங்க. மாத்துச் சட்டை எடுத்து வைக்கிறேன். மருந்தை நான் குடுக்கிறேன்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் கலவைப் பிரிவின் மூத்த தொழிலாளி விஷயத்தைக் கேட்டு, தன் அலமாரியில் பாதியைக் காலி செய்தார். "குழாயடியில தலையோட ஊத்திக்கோ தம்பி. நல்ல சட்டை இங்கேயே இருக்கட்டும். எம்பொண்ணும் இப்படி ஓடிவந்து ஏறினவதான்."

அன்று மாலை ஈரத்தலையோடு வாசலில் மண்டியிட்டுக் கைகளை விரித்தான். சிட்டு அம்மாவின் முழங்காலைப் பிடித்தபடி நின்றாள். மேலுதட்டில் ஓட்ஸ் பாலின் வெள்ளை மீசை.

"போடா கண்ணு, அப்பா கூப்பிடறார் பாரு," என்றாள் மனைவி.

குழந்தை அவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் விரித்த கைகளை மடக்கவில்லை.