ஆற்றுவாயில் முதல் வள்ளம்

“என்ன, வாய்க்குள்ள எதையோ வச்சுக்கொண்டு நிக்கிறாய்?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாத ஆள் தேத்தண்ணியைத் தந்த கையோட போயிருப்பாள்.”

“நான் நிண்டால் உங்கட வள்ளத்துக்குக் காத்துக் குறையுதோ?”

பேதுரு சிரித்தார். முழங்காலளவு தண்ணீரில் நின்றபடியே, கழுத்துப்பட்டியில் தொங்கிய ரிமோட்டின் குமிழைப் பெருவிரலால் மெல்லத் தள்ளினார். தூரத்தில், சின்னப்பிள்ளை உயரத்துக்குப் பாய் விரித்த குட்டி வள்ளம் மிதவையைச் சுற்றித் திரும்பி அவர்களை நோக்கி வந்தது. கேட்க வந்ததைக் கேட்காமலே அவருடைய மனைவி மாக்கிறட் வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

எப்போதோ நடந்த பேச்சு. அதே கழுத்துப்பட்டியை இப்போது அவருடைய தலைவழியே கழற்றும்போது நினைவுக்கு வந்தது. நனைந்திருந்த பட்டி காதில் மாட்டிக்கொண்டது.

“விடுங்கோ அம்மா, நான் கழட்டுறன்,” என்றாள் மகள் பிறின்சி.

“நீ காலைத் துடை. விரலுக்குள்ள மண் கிடக்கு.”

அன்று காலை முதல் போட்டிக்கு மிதவை கட்டப் போன பேதுரு, ஆற்றுவாயில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். போட்டிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் தூக்கிக் கரையில் கிடத்தும்போதே எல்லாம் முடிந்திருந்தது. டொக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சண்டை முடிந்து அரிப்புக் கிராமத்துக்கு அவர்கள் திரும்பி வந்து குடியேறியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, மாக்கிறட்டின் தம்பி டொமினிக்கும் இல்லை. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போன டொமினிக்கின் வள்ளம் மட்டும் ஒதுங்கியது. அவள் பேதுருவைக் கோவில் படியில் நிறுத்தி, இனிக் கடலில் இறங்குவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். வாதாடாமல் கொடுத்தார். மற்றவர்களுடைய இயந்திரங்களைத் திருத்திப் பிழைத்தார். பின்னேரங்களில் கரையில் சும்மா நின்று பார்த்தார். அப்படி நின்ற மனிதர்தான் ஒருநாள் ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு, பலகையும் பசையுமாக ஒரு குட்டி வள்ளம் கட்டத் தொடங்கினார்.

முதல்முறை அதைத் தண்ணீரில் விட்டபோது நேவிக்காரர் ஓடிவந்தார்கள். ஆளில்லாத வள்ளம், அதுவும் ரிமோட்டில் ஓடுவது என்றால் அந்தக் கரையில் யார்தான் சும்மா இருப்பார்கள். பேதுரு பயப்படவில்லை. ரிமோட்டை அவர்களுடைய பெரியவனின் கையிலேயே கொடுத்து ஓட்டப் பழக்கினார். அதன்பிறகு அனுமதிக்குத் தடையிருக்கவில்லை. பிறின்சியை இங்கிலிஷில் எழுதவைத்து உலகமெல்லாம் கூப்பிட்டார். இந்த வருடம் தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்குச் சரியாக, எட்டு நாட்டு ஆட்கள் தங்கள் வள்ளங்களைப் பெட்டிகளில் சுமந்துகொண்டு அரிப்புக்கு வந்து இறங்கியிருந்தார்கள். ஊர் வீடுகளில்தான் படுக்கை, சாப்பாடு. வள்ளங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில். உலகப் போட்டி, அரிப்பில்.

துக்கமணி அடித்தது. சற்று நேரத்தில் பேதுருவின் தமையன் எமிலியானுஸ் வந்தார். மீனவர் சங்கத் தலைவர். தம்பியின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

“சுவிசுக்குச் சொல்லியாச்சோ?”

“சொல்லியாச்சு பெரியப்பா. அண்ணா திங்கட்கிழமைதான் வந்து சேருவான்,” என்றாள் பிறின்சி.

“அப்ப செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்வம். கரையில சொல்லிப்போட்டன், ஒரு வள்ளமும் இறங்காது.”

ஊரில் பிரேதம் கிடக்கும்வரை அரிப்பில் வள்ளம் தண்ணீர் தொடுவதில்லை. அடக்கம் முடிந்ததும் செத்தவரின் வள்ளத்தை முதலில் தள்ளுவார்கள். அதன்பிறகுதான் மற்றது. சண்டை நடந்தபோதும் மாறாத வழக்கம்.

போட்டியின் தலைமை நடுவர், நியூசிலாந்துக்காரி ஹெலன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள். முன்னறையில் தங்கியிருந்தவள் அவள்தான். பிறின்சியிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

“நேவி தந்த அனுமதி நாளைப் பின்னேரத்தோட முடியுதாம், அம்மா. பரவாயில்லையாம், போட்டியை விட்டுட்டுப் போவமாம். ஒருத்தரும் கோவிக்கமாட்டினமாம்.”

“விடச்சொல்லி ஆர் அவவைக் கேட்டது?” என்றாள் மாக்கிறட்.

பிறின்சி இதைக் கேட்டுவிட்டு எமிலியானுஸ் பக்கம் திரும்பினாள். “பெரியப்பா, நீங்கள்தானே எப்பவும் சொல்லுவியள், அப்பான்ர வள்ளம் விளையாட்டுச் சாமான் எண்டு. அப்ப அதுக்கு இந்த வழக்கம் இல்லைத்தானே?”

எமிலியானுஸ் திண்ணையில் உட்கார்ந்தார். “பகிடிக்குச் சொன்னது பிள்ளை. பாய் இருக்கு, சுக்கான் இருக்கு, காத்துப் பிடிச்சு ஓடுது. அதை வள்ளமில்லை எண்டு இண்டைக்கு எப்பிடிச் சொல்லுறது?”

“இல்லை எண்டு சொன்னால் போட்டி நடக்கும்தானே?”

“பிறின்சி.” மாக்கிறட்டின் குரல் உயரவில்லை. “நடந்தாலும் அப்பிடிச் சொல்லாதை. கொப்பர் கட்டினது வள்ளம்.”

அவள் உள்ளே போனாள். பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மகனுக்கு ஃபோன் எடுத்தாள்.

“ஜெனோஜன், அழாமல் கேள் ராசா. நாளைக் காலமை அடக்கம் செய்யப்போறன்.”

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“நீ வந்து முகம் பாக்கேலாது. அது எனக்குத் தெரியும். பிறகு என்னோட கோவம் எண்டால் கோவி. உன்ர கொப்பர் நாலு வருசமா இதுக்காகத்தான் ஓடித் திரிஞ்சவர். நாளையோட விட்டால் இவ்வளவு சனத்தையும் திரும்பக் கூட்டிவர ஒருத்தரும் இல்லை.”

“பெரியப்பா என்ன சொல்லுறார்?”

“அவர் செவ்வாய் எண்டுறார்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவன் கேட்டான். “காத்து எப்பிடியம்மா?”

அவள் யன்னலால் பார்த்தாள். கொடியில் காய்ந்த அவருடைய சேட்டு, கை இரண்டையும் நீட்டிக்கொண்டு வடக்கே பறந்தது.

“நல்ல சோளகம். விடாமல் அடிக்குது.”

“அப்ப சரி. ஃபோனைக் கொஞ்சம் அப்பாவிட்டைக் காட்டுங்கோ.”

காட்டினாள். அவன் பேசி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்துக்கு வந்தபோது எமிலியானுஸ் வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும்.

“ஊர் கதைக்கும் மாக்கிறட். பெத்த பிள்ளை வரமுந்தி...”

“கதைக்கட்டும் அத்தான். உங்கட தம்பி உலகத்தைக் கூப்பிட்டுப்போட்டு ஏமாத்தினவர் எண்டு கதைக்கிறதிலும் பாக்க, இது பரவாயில்லை. பூசைக்குப் பங்குச் சுவாமியாரிட்டை நீங்கள் கேக்கிறியளோ, நான் போகவோ?”

எமிலியானுஸ் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனார்.

அன்று மாலை பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, மாக்கிறட் எழுந்துபோய் ரிமோட்டின் பற்றறியையும் வள்ளத்தின் பற்றறியையும் சுவரில் சார்ஜுக்குப் போட்டாள். செத்தவீட்டில் இதென்ன என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அருள்நிறை மரியேக்கு நடுவே சிவப்பு வெளிச்சம் பச்சையானது. மாக்கிறட் அதைக் கழற்றிவைத்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் செபத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போனார்கள். தொப்பியைக் கையில் பிடித்தபடி எட்டு நாட்டுக்காரரும் பெட்டிக்குப் பின்னால் வெயிலில் நடந்தார்கள். ஜப்பான்காரர் ஒருவர், மற்றவர்கள் மண் போட்டதைப் பார்த்து, தானும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

அங்கிருந்து யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. சனம் முழுவதும் துக்க உடுப்போடு ஆற்றுவாய்க்கு இறங்கியது. பேதுரு கட்டிய மிதவை மூன்றும் அவர் விட்டுப்போன இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றன. வெளிநாட்டுக்காரர்கள் வள்ளங்களைக் கையில் ஏந்தி, தண்ணீர் தொடாமல் கரையில் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

எமிலியானுஸ் காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். தம்பியின் வள்ளத்தை, முதன்முறையாக, இரண்டு கைகளிலும் வாங்கினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பாய் படபடத்தது.

“தள்ளுறது நான். ஆனா ஓட்ட எனக்குத் தெரியாது,” என்றார். “பிறின்சி, ஹெலனைக் கூப்பிடு. ரிமோட்டை அவவிட்டைக் குடு.”

ரிமோட் பிறின்சியிடம் இல்லை. அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

மாக்கிறட் வெள்ளைச் சேலையை முழங்கால்வரை நனையவிட்டு, பேதுரு வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அவளுடைய கழுத்தில் கிடந்த ரிமோட்டின் பட்டி இன்னும் உப்பு ஈரத்தோடு இருந்தது. அவளுடைய பெருவிரல் குமிழின்மேல் தானாகப் போய் அமர்ந்தது. சத்தியம் வாங்கி அவரைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்தியவள் அவள். அவருக்கென்று மிஞ்சிய இந்த ஒன்றையும் எப்படிக் கேட்பது என்றுதான் இத்தனை காலமும் வெறுங்கோப்பையோடு திரும்பிப் போனாள்.

எமிலியானுஸ் வள்ளத்தைத் தண்ணீரில் வைத்தார். கையை எடுக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்துநின்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மிதவைகளுக்கு நடுவே, வெயில் மினுங்கிய வெறுந்தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ... ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டே?”