மிச்சம் எத்தனை

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் ஓர் எழுத்து பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை நாலு பேர் அறியச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்று காலை பத்தரை மணிக்கு எதிர் மேசைக்காரன் மாட்டினான்.

விஷயம் இதுதான். இயந்திரத்தின் அடிமட்டத்தில் ஓடும் நிரலைக் கெர்னல் என்பார்கள். அதில் மெமரியைக் கையாளும் ஃபங்ஷன்களில், அதாவது சின்னச் சின்னத் துணை நிரல்களில் பல, வேலை நல்லபடி முடிந்தால் பூஜ்யத்தைத் தரும், கெட்டால் மைனஸில் ஓர் எண்ணைத் தரும். ஆனால் ஓரிடத்துத் தகவலை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கிற ஃபங்ஷன் தனி ரகம். பாதியில் நின்றுபோனால், நகலெடுக்காமல் விட்டது எத்தனை பைட் என்று மிச்சத்தைச் சொல்லும். மிச்சம் எங்கேயாவது மைனஸில் வருமா? எதிர் மேசைக்காரனோ மைனஸ் வந்தால்தான் பிழை என்று எழுதிவைத்திருந்தான். ஆக, பாதி வேலை நடக்காமலே போனாலும் அந்த நிரல் எல்லாம் சுகம் என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதுகூடத் தெரியாமல் என்ன கிழித்தாய் என்கிற தொனியில் அவள் நீளமாகக் குறிப்பு எழுதி அனுப்பினாள். அவன் சாது. எழுந்து வந்து, குரலைத் தணித்துக்கொண்டு நின்றான்.

“நான் சொந்தமா எழுதலைங்க. நீங்க எழுதின பம்ப் டிரைவர்லேருந்து அப்படியே எடுத்தேன்.”

அவள் பம்பை இயக்கும் அந்த நிரலின் கோப்பைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, அவள் பெயர், அதே வரி. நோயாளிகளுக்கு ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றும் பம்ப் அது. நாலாயிரம் பம்புகள் ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருந்தன.

நாள்கணக்கில் அணைக்காமல் ஓடி மெமரி நெருக்கடி வந்தால் நகல் பாதியில் நிற்கும். நின்றால் என்ன ஆகும் என்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தாள். தகவலில் முதலில் இருப்பது திரையில் காட்டும் எண், கடைசியில் இருப்பது மோட்டாரின் வேகம். டாக்டர் அளவைக் குறைத்தால் திரை புது எண்ணைக் காட்டும், மோட்டார் பழைய வேகத்திலேயே மருந்தைத் தள்ளும்.

மேனேஜரிடம் ஓடினாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மூன்று வருஷமாக ஒரு புகாரும் இல்லை, பதற வேண்டாம், மூன்று மணிக்கு வக்கீல்களோடு உட்கார்ந்து பேசுவோம், அதுவரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்றார். இவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். ஊரார் பிழைக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், தன் பிழை என்றதும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அண்ணனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்து மூன்று நாள். நேற்றுப் பார்க்கப் போனபோது கட்டில் பக்கத்தில் நின்றது அதே பம்ப். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்த அண்ணன். மாடிப்படிக்கு ஓடி அண்ணிக்குப் போன் போட்டாள். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அண்ணி எடுத்தார்.

அண்ணி சந்தோஷமாகத்தான் இருந்தார். ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தாராம், ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்தைக் கால்வாசியாக்கச் சொன்னாராம், இனிப் பயமில்லை என்றாராம். இவர்தான் அப்போதிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறார், கை ஜில்லென்று இருக்கிறது, ஏசியாக இருக்கும் என்றார்.

“அண்ணி, நர்ஸ் பக்கத்துல இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க. உடனே.”

நர்ஸுக்கு எரிச்சல். திரையில் பதினைந்து என்று சரியாகத்தானே காட்டுகிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்றார்.

“திரையைப் பாக்காதீங்க சிஸ்டர். சொட்டு விழறதை எண்ணுங்க. வாட்ச்சை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க.”

மணிக்குப் பதினைந்து மில்லி என்றால் நிமிஷத்துக்கு ஐந்து சொட்டு விழ வேண்டும். நர்ஸ் வேண்டாவெறுப்பாக வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்து வந்துவிட்டது, கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது. எட்டில் அந்தக் குரலில் இருந்த எரிச்சல் போய்விட்டது. பன்னிரண்டுக்குப் பிறகு எண்ணவே இல்லை. போன் எதன் மேலோ விழும் சத்தம், யாரையோ கூப்பிடும் சத்தம், அதோடு இணைப்பு அறுந்தது.

நாற்பது நிமிஷம் அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கவும் பயம், அடிக்காமல் இருக்கவும் பயம். ஏறி இறங்கியவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அண்ணியே கூப்பிட்டார். அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிருந்ததாம். பம்பைக் கழற்றி, காலை உயர்த்தி, வேறு ஊசி போட்டு, இப்போது ஏறி வருகிறதாம். கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாராம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி அழ விட்டார். அப்புறம், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“அதை எழுதினதே நான்தான் அண்ணி. தப்பு என்னோடது.”

அண்ணி திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அண்ணி திட்டவில்லை.

“இந்த வார்டுல இருக்கற மெஷின் எல்லாத்துலயும் சிஸ்டர் சொட்டை எண்ணிட்டாங்க,” என்றார் அண்ணி. “மத்த ஆஸ்பத்திரியில யாரு எண்ணுவாங்க? அங்க படுத்திருக்கறவங்களுக்கு உங்க ஆபீஸ்ல தங்கச்சி இருக்காளா?”

மூன்று மணிக் கூட்டத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் மேனேஜர் அறையைத் தாண்டிப் போய், சேவைப் பிரிவில் ஆஸ்பத்திரிகளின் தொலைபேசிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்றபடி முதல் எண்ணை அழுத்தினாள்.