இரண்டாவது டீ

அவள் கார்டை மெஷினிலிருந்து உருவிப் பர்ஸில் வைப்பதற்குள் போன் அடித்துவிட்டது. யாரென்று பார்க்கவே வேண்டாம். கல்லாவிலிருந்த டீக்கடைக்காரர் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டார். அவருக்கும் பழகிவிட்டது.

"டீ குடிச்சியா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"ம்."

"டபுளா காட்டுதே. ரெண்டு டீயா? கூட யாரு?"

"யாருமில்ல. ரெண்டும் நான்தான் குடிச்சேன்."

"ஒரே ஆளா? சரி சரி, சும்மாதான் கேட்டேன்."

சும்மாதான். இந்தக் கார்டு வந்த நாளிலிருந்து எல்லாமே சும்மாதான். செருப்பு வாங்கினால் "பழசு என்னாச்சு?", சும்மாதான். பேக்கரிக்குள் நுழைந்தால் "வீட்டுலதான் பிஸ்கட் இருக்கே?", அதுவும் சும்மாதான். முதல் டீ நன்றாக இருந்தது, இன்னொன்று குடித்தாள். காலையிலிருந்து மருந்துக்கடைக் கவுண்டரில் நின்ற கால்கள், நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்றன. இதற்குச் சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்ன? நாக்கில் மிச்சமிருந்த ருசிகூடக் கெட்டுப்போய்விட்டது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வராதா பின்னே?

அது கிரெடிட் கார்டு. கணக்கு அவருடையது, அதன்மேல் அவளுக்கென்று ஒரு கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் எங்கே தேய்த்தாலும் மெஷின் சீட்டைத் துப்புவதற்கு முன் அவர் போன் கூவும். அவள் சம்பளம் விழும் கணக்குக்கு டெபிட் கார்டு ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. அது பீரோ லாக்கருக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. அதன் ஏடிஎம் பின் நம்பர் அவர் பிறந்த வருஷம், வைத்தவரும் அவரே. அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போய் அவருடைய கார்டு பில்லைக் கட்டிவிடும். ரொக்கமாகக் கொடுத்துத் தொலைக்கலாமே என்பீர்கள். ரொக்கத்தை எடுக்கவும் அந்த டெபிட் கார்டுதானே வேண்டும்?

மனுஷர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அச்சகத்தில் மேற்பார்வை வேலை. அச்சகத்தில் பாயிண்ட் என்றால் எழுத்தின் அளவு, இவருக்கோ பாயிண்ட் என்றால் கிரெடிட் கார்டுக்காரன் கொடுக்கிற பாயிண்ட். கூட வேலை செய்பவர்கள் இவருக்கே 'பாயிண்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், இவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை. வருஷக்கணக்காகச் சேர்த்த பாயிண்டில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அது எந்த ஊருக்கும் போனதில்லை. பீரோவுக்கு மேல் உட்கார்ந்து பழைய போர்வைகளைக் காவல் காக்கிறது.

மருந்துக்கடையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் கையில் மெஷினைக் கொடுத்ததும் முகத்தைத் திருப்பி இருமல் மருந்து அலமாரியைப் பார்ப்பாள். அவர்கள் பின் நம்பரை அழுத்தி முடித்த பிறகுதான் திரும்புவாள். வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் பெயர் சண்டை. கடையில் அதுவே மரியாதை. ஆனால் திரும்புகிற அந்த நொடிக்குள் கண்ணில் படுவது படத்தான் செய்யும். ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்கும் மகனுக்குத் தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொள்வார். ஒருத்தி புருஷன் எட்டிப் பார்க்காதபடி கைப்பையைத் தூக்கி வைத்து மறைப்பாள். 'பாவம், என்ன குடும்பமோ' என்று இவள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். இரண்டு டீ குடித்துவிட்டு நடந்துகொண்டிருந்த அன்றைக்கு, அந்தக் கைப்பைக்காரி மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்து பையை இறக்கி வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"என்னோட டெபிட் கார்டைக் கொடுங்க. இனிமே என் செலவை நான் அதுலயே பாத்துக்கறேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். கோபம் இல்லை. பாடம் நடத்த ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில்.

"டெபிட்ல தேய்ச்சா காசு அப்பவே போயிடும்மா. கிரெடிட்னா மாசம் முழுக்க அவன் காசு, கடைசியிலதான் நம்ம காசு. எவனாவது ஏமாத்தினாக்கூட பேங்க்கோட பணம்தான் மாட்டும், உன் கணக்குல கை வைக்க முடியாது. அதுக்கு மேல பாயிண்ட் வேற. யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எல்லாம் சரிதாங்க. எனக்கு வேணாம்."

"அந்தக் கார்டுல அப்படி என்ன குறைச்சல்?"

"நான் குடிக்கிற டீயை அது உங்ககிட்டப் போய் கோள் சொல்லுது."

"இதென்ன பேச்சு? நான் என்ன உன்னைச் சந்தேகமா படறேன்?"

"படலைன்னா கேக்காதீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வீட்டில் திருப்புகிற மாதிரி. அவள் பீரோவைத் திறந்து லாக்கரில் கையை விட்டாள். அழுக்குப்படாத கார்டு, ஒருமுறைகூடத் தேயாதது. அதன்மேல் அவள் பெயர் பளபளவென்று இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேங்குக்குப் போனாள். கணக்கில் பதிந்திருந்த போன் நம்பரை மாற்ற வேண்டும் என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்க வீட்டுக்காரர் நம்பர் போலிருக்கே. மாத்தறது அவருக்குத் தெரியுமா?"

"இனிமே தெரிய வேணாம்னுதான் சார் மாத்தறேன்."

அவர் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். வெளியே வந்ததும் ஏடிஎம்முக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பின் நம்பரையும் மாற்றினாள். என்ன நம்பர் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

வீட்டில் சில நாள் பேச்சு குறைந்தது. பிறகு அவரே இறங்கி வந்தார். "டீ எத்தனை வேணும்னாலும் குடி, யாரு வேணாம்னா?" என்றார். இது ஏதோ டீ தகராறு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாதச் சாமான் வாங்க எப்போதும்போல் இருவரும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். தள்ளுவண்டியை அவர் தள்ளினார், அவள் எடுத்து எடுத்துப் போட்டாள். சோப்பு விலையைப் பற்றி ஒரு ஜோக் அடித்தார், அவளும் சிரித்தாள். சண்டைக்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பில் போட்டு முடிந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். அதற்குள் கவுண்டரில் அவள் கார்டு வந்து விழுந்தது.

"இன்னைக்கு இதுல போட்டுக்கோம்மா," என்றாள் பில் போடும் பெண்ணிடம்.

"இவ்வளவு பெரிய பில்லு. பாயிண்ட் அத்தனையும் போகுது," என்று அவர் காதோரம் முணுமுணுத்தார்.

"போகட்டும்."

அந்தப் பெண் மெஷினை அவள் பக்கம் தள்ளிவிட்டு, சொல்லாமலேயே முகத்தைத் திருப்பிப் பின்னாலிருந்த பேட்டரி அடுக்கைப் பார்த்தாள். தொழில் தெரிந்த பிள்ளை. வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டி மெஷின் மேல் குனிந்தார். அவள் இடது உள்ளங்கையை விரித்து எண்களின் மேல் கூரைபோல் கவிழ்த்தாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார், எவனாவது எட்டிப் பார்க்கிறானோ என்று. யாருமில்லை.

"நான்தானே நிக்கறேன்," என்றார்.

"அதான் சொல்றேன். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பின்னால் நின்ற வண்டியிலிருந்த குழந்தை ஒன்று பிஸ்கட் பாக்கெட்டை மறுபடி மறுபடி கவுண்டரில் தட்டியது. அவர் நகரவில்லை. கையிலிருந்த தன் கார்டை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் நின்றார். பில் போடும் பெண் இன்னும் பேட்டரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை. கவிழ்த்த உள்ளங்கைக்குக் கீழே, வலதுகை ஆள்காட்டி விரல் முதல் எண்ணின்மேல் அழுத்தாமல் இருந்தது.